ஏழாம் கேள்வியின் அடைப்புக்குறி

எச்சில் சார் விரலை நாக்கில் தொட்டு விடைத்தாளைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் புரட்டும். ஒரு தாளுக்குப் பதினாறு பக்கம், ஒரு கட்டுக்கு இருபத்தைந்து தாள். ஒரு நாளைக்கு அந்த நாக்கு எத்தனை பேர் கை வியர்வையை ருசி பார்க்கிறது என்று யோசித்துவிட்டு, மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே விட்டிருக்கிறேன். அந்தப் பெயரை அவருக்கு வைத்தவள் நான்தான். கூடத் திருத்துகிறவர்கள் எனக்கு மிளகாய் என்று பெயர் வைத்திருப்பதும் தெரியும்.

திருத்தும் மையமாக எங்களுக்குக் கொடுத்திருந்தது ஒரு பள்ளியின் அறிவியல் கூடம். நீள மேசைகள், முதுகில்லாத முக்காலிகள். என் தலைக்கு மேலே இருந்த அலமாரியில் ஒரு தவளை, கலங்கிப்போன திரவத்துக்குள் கையை விரித்துக்கொண்டு கிடந்தது. கழுவுதொட்டியில் யார் யாரோ கொட்டிய தேயிலை ஊறி வழிந்தது. மின்விசிறி சுற்றினால் தாள் பறக்கிறது என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். முப்பது ஆசிரியர்களின் வியர்வை, சிவப்பு மை, தவளை மருந்து எல்லாம் சேர்ந்த அந்த வாடைக்கு ஒரு பெயர் வைக்க என்னாலேயே முடியவில்லை.

தேர்வு சின்னப் பிள்ளைகளுக்கானது அல்ல. பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு, முப்பதிலும் நாற்பதிலும் திரும்பி வந்து எழுதுகிறவர்களுக்கான கணக்குத் தேர்வு. இதில் தேறினால்தான் காவலாளி மேற்பார்வையாளர் ஆகலாம், ஆயா செவிலியர் பயிற்சிக்குப் போகலாம். நூற்றுக்கு நாற்பது எடுத்தால் போதும். அந்த நாற்பதுக்காக வாழ்க்கையில் முதல்முறையாக எக்ஸ் என்ற ஒன்றைப் பார்த்து மிரண்டுபோய், அதை இழுத்துப் பிடித்து எழுதியிருப்பார்கள். சிலர் கடைசிப் பக்கத்தில் நமக்குக் கடிதமும் எழுதிவைப்பார்கள். ஐயா, கருணை காட்டுங்கள். அம்மா, எனக்கு இரண்டு குழந்தைகள். எச்சில் சார் அவற்றை நடிகர் குரலில் படித்துக் காட்டுவார். மேசையே சிரிக்கும். அதில் என் சிரிப்பும் உண்டு, மறைப்பானேன்.

திருத்துவதற்கு எங்களிடம் ஒரு முறை இருந்தது. விடைக்குறிப்பு வந்ததும் எச்சில் சார் அதை ராகம் போட்டுப் படிப்பார். "ஒண்ணாவது பதினொண்ணு எக்ஸ். ரெண்டாவது அஞ்சு எக்ஸ் பிளஸ் மூணு ஒய். ஏழாவது நாலு எக்ஸ் மைனஸ் ரெண்டு." மூன்று முறை படித்தால் எல்லோருக்கும் மனப்பாடம். அதற்குப் பிறகு கேள்வித்தாளை யாரும் தொடுவதில்லை. கண் நேராகக் கடைசி வரிக்குப் போகும். பொருந்தினால் சரி, பொருந்தாவிட்டால் சைபர். எங்கள் மேசைதான் எப்போதும் முதலில் முடிக்கும். மேசைப் பொறுப்பாளர் என்ற முறையில் எனக்கு அதில் பெருமையும் உண்டு.

காலையில் இரண்டாவது கட்டை எடுத்தபோது, இந்த வருடம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த புதுப்பெண் மெதுவாகக் கூப்பிட்டாள்.

"டீச்சர், ஏழாவதுல ஒரு சந்தேகம்."

நான் தலையைத் தூக்கவில்லை. "சந்தேகமெல்லாம் காலேஜோட முடிஞ்சு போச்சு. கீயில என்ன இருக்கோ அதப் போடு."

"இல்ல டீச்சர், அது வந்து..."

"உனக்குக் கட்டு முடிக்கணுமா, கதை பேசணுமா?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். எச்சில் சார் களுக்கென்று சிரித்தார். புதிதாக வருகிறவர்களை ஆரம்பத்திலேயே தட்டி வைக்க வேண்டும் என்பது என் கட்சி. தட்டிவைத்த திருப்தியோடு அடுத்த தாளை எடுத்தேன்.

இரண்டு மணிக்குப் பத்தாவது கட்டில் இருந்தோம். எனக்கு வந்த ஒரு தாளின் கூட்டல் முப்பத்தெட்டில் நின்றது. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று விளிம்பில் நிற்கும் தாளைப் பொறுப்பாளர் முதலிலிருந்து இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்பது விதி. வேண்டா வெறுப்பாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

சுத்தமான தாள். பென்சிலால் கோடு போட்டு, கோட்டைத் தாண்டாத எழுத்து. கடைசிப் பக்கத்தில் கெஞ்சல் எதுவும் இல்லை. ஏழாவது கேள்வியில் நான் போட்ட சைபர் உருண்டையாக உட்கார்ந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, 'சரிபார்த்தல்' என்று தலைப்பிட்டு எழுதியிருந்தது:

x = 5 எனில், 35 − 13 = 22
20 + 2 = 22

கேள்வித்தாளில் இப்படி ஒரு கட்டம் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அதற்கு மதிப்பெண்ணும் கிடையாது. இந்த ஆள் தன் மன நிம்மதிக்காகச் செய்துபார்த்திருக்கிறது. முதலில் அதுவே எரிச்சலாக இருந்தது. பிறகுதான் அந்த இருபத்திரண்டு கண்ணில் குத்தியது.

காலையிலிருந்து முதல்முறையாகக் கேள்வித்தாளைப் புரட்டி ஏழாவது கேள்வியைப் படித்தேன். சுருக்குக: 7x − (3x − 2).

அடைப்புக்குறிக்கு முன்னால் மைனஸ் இருக்கிறது. அடைப்பைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் குறி மாறும். மூன்று எக்ஸ் கழியும், உள்ளே கழிந்துகொண்டிருந்த இரண்டு வெளியே வரும்போது கூடும். நான்கு எக்ஸ் பிளஸ் இரண்டு. இருபத்திரண்டு வருடமாக நான் கரும்பலகையைத் தட்டித் தட்டிச் சொல்கிற முதல் பாடம் இது. பத்து ரூபாயில் மூன்று ரூபாய்க்குப் பொருள் வாங்கினாய், கடைக்காரர் அதில் இரண்டு ரூபாய் தள்ளுபடி கொடுத்தால் உன் கையில் குறையுமா, கூடுமா என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டிருக்கிறது. விடைக்குறிப்பு மைனஸ் இரண்டு என்கிறது. நாங்கள் ஆறு பேர், இருநூற்று முப்பது தாள்களில், சரியாகப் போட்டவர்களுக்கெல்லாம் சைபர் போட்டுத் தள்ளியிருக்கிறோம். தப்பாகப் போட்டவர்களுக்கு இரண்டு மதிப்பெண் கொடுத்திருக்கிறோம்.

எனக்குக் குமட்டியது. எச்சில் சார் விரல்கூட அந்த அளவுக்குக் குமட்டியதில்லை.

"நிறுத்துங்க எல்லாரும்" என்றேன். "ஏழாவது கீ தப்பு. இதப் போட்ட கழுதை யாருன்னு தெரியல, அடைப்புக்குறியத் திறக்கத் தெரியாத கழுதைக்கெல்லாம் கேள்வி எழுதற வேலை."

புதுப்பெண் என்னைப் பார்த்தாள். நான் அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு சீஃப் அறைக்கு நடந்தேன்.

சீஃப் என்று நாங்கள் கூப்பிடும் முதன்மைத் தேர்வாளர் நல்ல மனிதர். எதையும் பெரிதாக்க மாட்டார் என்பதால் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். எனக்கும் அன்று வரை பிடித்திருந்தது. தாளைப் பார்த்தார், விடைக்குறிப்பைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆமா டீச்சர், தப்புத்தான். ரெண்டு மார்க்குதானே."

"ரெண்டு மார்க்குதானேவா? சார், இந்த ஆளுக்கு முப்பத்தெட்டு. இந்த ரெண்டு இருந்தா பாஸ்."

"ஆறு மாசத்துல அடுத்த பரீட்சை வருது. எழுதிக்கட்டுமே."

"சரியா எழுதினதுக்கு எதுக்கு சார் இன்னொரு தடவ எழுதணும்?"

அவர் பெருமூச்சு விட்டார். விதியைச் சொன்னார். விடைக்குறிப்பை அவர் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. கேள்வியை எழுதியவர் யாரோ, அவரே தன் தவறு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் ஒன்பது மையங்களுக்கும் சொல்ல முடியும். எழுதியவர் யார் என்பது அரக்கு வைத்த உறைக்குள் இருக்கிறது. உறையைத் திறந்தால் அவருக்கு விளக்கக் கடிதம் போகும், பட்டியலிலிருந்து பெயரை எடுப்பார்கள், பணிப்பதிவேட்டில் ஏறும்.

"யாரோ ஒருத்தர் பொழப்பு டீச்சர். ஏதோ கை தவறியிருக்கும். நீங்களும் கேள்வி எழுதற பட்டியல்ல இருக்கீங்கதானே, உங்களுக்குத் தெரியாததா?"

"இருக்கேன் சார். மூணு வருஷமா எழுதறேன். ரெண்டு தடவ சரிபாக்காம ஒரு கேள்வியக்கூடக் குடுத்ததில்ல." எனக்குக் குரல் ஏறிவிட்டது. "அந்த ஆள் இடத்துல நான் இருந்திருந்தா, வெக்கத்த முழுங்கிட்டு என் கையாலயே எழுதிக் குடுத்திருப்பேன். நீங்க மூடி மூடி வைக்கறதாலதான் சார் இந்தக் கழுதைங்களுக்குக் குளிர்விட்டுப் போச்சு. திறங்க. அந்தக் கையெழுத்த நான் பாக்கணும்."

அவர் எழுந்தார். பிறகு பீரோவிலிருந்து உறையை எடுத்து, கத்தரியால் ஓரத்தை வெட்டி, ஏழாம் எண் போட்ட தாளை உருவி என் பக்கம் தள்ளினார்.

பெயரைப் படிக்கவே தேவையிருக்கவில்லை. இரண்டு பிறை நிலா முதுகு ஒட்டி நிற்கிற மாதிரி எக்ஸ் போடுவது நான் மட்டும்தான். சின்ன வயதில் என் அக்கா எழுதுவதைப் பார்த்துப் பழகியது.

7x − (3x − 2). உள்ளே இருந்த மைனஸுக்கு அடியில், எழுத்தை அழிக்கும் வெள்ளை மை பொருக்குத் தட்டியிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். அதற்கு அடியில் ஒரு பிளஸ் இருந்திருக்கிறது. எல்லாம் நினைவுக்கு வந்தது. எட்டு மாதத்துக்கு முன்பு, பூட்டிய அறையில் இரண்டு நாளில் எண்பது கேள்விகள். எழுதிக் கொடுத்ததில் எது தேர்வுக்குப் போகும் என்று நமக்குச் சொல்ல மாட்டார்கள். முதலில் பிளஸ் போட்டுத்தான் எழுதியிருந்தேன். அதற்கு மைனஸ் இரண்டு சரியான விடை. கடைசி மணி நேரத்தில், அக்கா வீட்டுக்குப் போகும் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில், ஒருமுறை புரட்டியபோது இந்தக் கேள்வி ரொம்பச் சுலபமாகத் தோன்றியது. மைனஸாக்கினால் நிறையப் பேர் மாட்டுவார்கள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டேகூட நினைத்தேன். குறியை மாற்றினேன். விடையை மாற்றவில்லை.

சீஃப் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரொம்ப மெதுவாகப் பேசினார்.

"இங்க நம்ம ரெண்டு பேருதான் இருக்கோம் டீச்சர். பசை இருக்கு, அரக்கு இருக்கு. ஒட்டிடலாம்."

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். உடனே சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் என் வாயில் கசக்கிறது. தலைமையாசிரியர் பதவிக்கு என் கோப்பு மேலே போயிருந்தது. அடுத்த மாதம் உத்தரவு வரும். என் கணவர் அதைத் தன் அக்காவிடம் வேறு சொல்லிவிட்டார். பதிவேட்டில் ஒரு கீறல் விழுந்தால் அந்தக் கோப்பு அப்படியே திரும்பி வரும், நாத்தனார் துக்கம் விசாரிப்பது மாதிரி வந்து உட்காருவாள். இதெல்லாம் ஒரு நொடியில் ஓடியது. அதற்குப் பின்னாலேயே, எனக்குள்ளிருந்து வேறொரு குரல் ரொம்ப நியாயமாகப் பேசியது. ரெண்டு மார்க்குதானே. ஆறு மாதத்தில் எழுதிக்கொள்ளட்டுமே.

பத்து நிமிடத்துக்கு முன்னால் அந்த வார்த்தைகளுக்காகத்தான் ஒரு மனிதரை எரித்துவிடுவதைப் போல் பார்த்திருந்தேன். இப்போது அவை என் சொந்தக் குரலில் வந்தன, கொஞ்சமும் கூசாமல். என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. மேசைமேல் அந்தத் தாள் கிடந்தது. இருபத்திரண்டு, இருபத்திரண்டு. யாரும் கேட்காமல் ஒரு ஆள் எக்ஸுக்கு ஐந்து போட்டுப் பார்த்திருக்கிறது. எண்பது கேள்வி எழுதிய நான் அதைச் செய்யவில்லை. ரெண்டு தடவை சரிபார்ப்பேன் என்று சற்று முன் அளந்துவிட்டேனே, அதுவும் பொய்.

"ஒரு வெள்ளப் பேப்பர் குடுங்க சார்" என்றேன்.

நான்கு வரி எழுதினேன். சீஃப் படித்துவிட்டு, "அச்சுப் பிழைன்னு போடுங்களேன், அடி பலமா விழாது" என்றார்.

"அச்சுல ஒண்ணும் தப்பில்ல சார். நான் எழுதினதத்தான் அடிச்சிருக்காங்க."

அவர் தொலைபேசியை எடுத்து ஒவ்வொரு மையமாகக் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொரு முறையும் என் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னார். ஒன்பது முறையையும் நின்று கேட்டேன்.

மேசைக்குத் திரும்பியபோது செய்தி எனக்கு முன்னாலேயே வந்திருந்தது, பெயர் மட்டும் வரவில்லை. முடித்த கட்டுகளையெல்லாம் மறுபடி அவிழ்த்துப் போட்டிருந்தார்கள். எச்சில் சார் விரலை நனைத்தபடியே கேட்டார்.

"யாரு டீச்சர் அந்தக் கழுதை? கையெழுத்தப் பாத்தீங்களா?"

"பாத்தேன். நான்தான் சார்."

விரல் பாதி வழியில் நின்றது. மேசையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம். ஆளுக்கு ஒரு கட்டை இழுத்துக்கொண்டு, என் பக்கம் பார்க்காமல் குனிந்துகொண்டார்கள்.

நான் முதலில் அந்தப் பென்சில் கோட்டுத் தாளை எடுத்தேன். சைபரை அடித்து, இரண்டு போட்டு, பக்கத்தில் கையெழுத்திட்டேன். நாற்பது. கொஞ்சம் மூச்சு வந்தது.

நான்காவது கட்டில் இன்னொரு தாள் இருந்தது. எழுத்து எறும்பு ஊர்ந்தது போல் இருந்தது. ஏழாவது கேள்விக்கு 7x − 3x − 2 என்று எழுதி, அடியில் நான்கு எக்ஸ் மைனஸ் இரண்டு. காலையில் நான்தான் அதற்குச் சரி போட்டிருந்தேன். கூட்டல் சரியாக நாற்பது. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: இது ஐந்தாவது முறை.

இதை எச்சில் சார் காலையில் நடிகர் குரலில் படித்தது நினைவிருந்தது.

இரண்டை அடித்துச் சைபர் போட வேண்டும். முப்பத்தெட்டு ஆகும். விளிம்புத் தாள், விதிப்படி முதலிலிருந்து பார்த்தேன். எங்காவது இரண்டு மதிப்பெண் கீழே விழுந்து கிடக்காதா என்று பக்கம் பக்கமாகத் தேடினேன். ஒன்றில் 3x + 2y என்பதை 5xy என்று ஆக்கியிருந்தார். இன்னொன்றில் எக்ஸுக்கு முன்னால் வரும் கெழுவை விட்டுவிட்டார். எதிலும் அரை மதிப்பெண்கூடக் கூடுதலாகக் கொடுக்க இடமில்லை. இரண்டாம் முறையும் பார்த்தேன்.

அந்த நேரத்தில் சீஃப் கணக்கு எடுக்க வந்தார். இரண்டு தாள்களும் என் முன்னால் இருந்தன. எட்டிப் பார்த்தார்.

"ஒருத்தர் மேல, ஒருத்தர் கீழ. கூட்டிக் கழிச்சா சைபர். உங்க மேசை பாஸ் விகிதம் அப்படியே இருக்கு, பாருங்க." ஆறுதலாகத்தான் சொன்னார். "இதுக்குப் போயி உங்க பேரக் கெடுத்துக்கிட்டீங்களே."

"இவங்க ரெண்டு பேரும் எக்ஸும் ஒய்யும் மாதிரி சார், ஒத்த உறுப்பு இல்ல, கூட்டிக் கழிக்க" என்றேன்.

அவருக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

புதுப்பெண் என் கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டலைச் சரிபார்ப்பதும் அவள் வேலை.

"நான் ஒரு தடவ பாக்கட்டுமா டீச்சர்?"

கொடுத்தேன். அவள் ஒவ்வொரு பக்கமாக, கேள்வித்தாளைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு படித்தாள். எங்கள் மேசையில் அன்று அப்படிப் படித்த முதல் ஆள் அவள்தான். காலையிலும் அவள் அப்படித்தான் படித்திருக்க வேண்டும். வெகுநேரம் ஆனது. நான் அவசரப்படுத்தவில்லை.

"இல்ல டீச்சர். எங்கயும் இல்ல."

"காலைல நீ கேக்க வந்தது இதுதானே?"

"ஆமா டீச்சர்."

"சத்தமாக் கேட்டிருக்கக் கூடாதா?"

அவள் தாளை என் பக்கம் நகர்த்தினாள். "ரெண்டு தடவ கேட்டேன் டீச்சர்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

நான் பேனாவைத் திறந்தேன். ஏழாவது கேள்வியில், அந்த எறும்பு எழுத்துக்குப் பக்கத்தில், காலையில் நான் போட்ட சரி இன்னும் பளபளவென்று இருந்தது. என் விடையும் இந்த ஆளின் விடையும் ஒன்றாகவே இருந்தன. அவருக்கு அடைப்புக்குறியைத் திறக்கத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், திறந்து பார்க்கவில்லை. அவர் ஆறாவது முறை எழுத வேண்டும். நான் நாளைக்கும் இதே முக்காலியில் உட்கார்ந்து திருத்துவேன்.

இரண்டை அடித்துவிட்டுச் சைபர் போட்டேன். கையெழுத்துப் போட்டேன். கை சிவப்பு மையில் பிசுபிசுத்தது. கழுவுதொட்டிக்குப் போய்த் தேயிலையை ஒதுக்கிவிட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். போகவில்லை. அப்படியே திரும்பி வந்து அடுத்த கட்டை அவிழ்த்தேன்.